கென்னி டல்கிளிஷ்: கிண்ணங்களோடு முடியாத ஒரு முகாமையாளரின் கதை

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள அன்பீல்ட் மைதானத்தின் பார்வையாளர் அரங்குகளில் ஒன்று, 2017 ஒக்டோபர் முதல் கென்னி டல்கிளிஷின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லிவர்பூல் கழகத்தின் வீரராகவும் முகாமையாளராகவும் அவர் வென்ற கிண்ணங்களின் பட்டியல் நீளமானது. ஆனால் அந்த நகரத்து மக்களிடம் அவரைப் பற்றிக் கேட்டால், பலர் கிண்ணங்களில் இருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. 1989 ஏப்ரலில் நடந்த மரணச் சடங்குகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒரு போட்டியைப் பார்க்கச் சென்ற 97 பேர் உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் மீதே பழி போடப்பட்டது. அந்தப் பழியைத் துடைக்க அவர்களின் குடும்பங்களுக்கு 27 ஆண்டுகள் சென்றன. டல்கிளிஷின் வாழ்க்கையை இந்த வரலாற்றில் இருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

கிளாஸ்கோவில் தொடக்கம்

டல்கிளிஷ் 1951 மார்ச் 4 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். கிளாஸ்கோவில் இரண்டு பெரிய உதைபந்தாட்டக் கழகங்கள் உண்டு. ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்துச் சமூகத்தின் கழகமாகவும், செல்டிக் அயர்லாந்தில் இருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கரின் கழகமாகவும் நீண்ட காலம் பார்க்கப்பட்டன. டல்கிளிஷ் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தில் பிறந்தவர்; சிறுவயதில் ரேஞ்சர்ஸ் ரசிகர். இருந்தும் 1967 இல் அவரைத் தேடி வந்து ஒப்பந்தம் செய்தது செல்டிக்.

அந்த ஆண்டுதான் ஜொக் ஸ்டெயினின் பயிற்சியில் செல்டிக் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றிருந்தது. தச்சுத் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர், ஒரு சில ஆண்டுகளில் அந்தக் கழகத்தின் முதன்மை வீரரானார். செல்டிக்குடன் 4 லீக் பட்டங்களையும் 4 ஸ்கொட்டிஷ் கிண்ணங்களையும் வென்றார். 167 கோல்களைப் போட்டார்.

அவர் வேகமாக ஓடும் வீரர் அல்ல. எதிரணி வீரரை முதுகால் தடுத்தபடி பந்தைக் காலடியில் வைத்திருந்து, யார் எங்கே ஓடுகிறார் என்பதை மற்றவர்களுக்கு முன்னரே கண்டுகொள்வதுதான் அவருடைய பலம். ஸ்கொட்லாந்து தேசிய அணிக்காக 102 போட்டிகளில் விளையாடினார். இன்றுவரை வேறெந்த ஆண் வீரரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அந்த அணிக்காக அவர் போட்ட கோல்கள் 30.

1971 ஜனவரி 2 ஆம் திகதி ரேஞ்சர்ஸின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் இரு கழகங்களும் மோதின. 19 வயது டல்கிளிஷ் அன்று விளையாடவில்லை என்றாலும் செல்டிக் குழாமுடன் மைதானத்தில் இருந்தார். போட்டி முடிந்து மக்கள் வெளியேறும்போது படிக்கட்டு ஒன்றில் நெரிசல் ஏற்பட்டு 66 பேர் இறந்தனர். அவர் இருந்த மைதானத்தில் மக்கள் இறந்தது அதுவே முதல் தடவை. அதுவே கடைசியாக இருக்கவில்லை.

லிவர்பூலும் ஹெய்சலும்

1977 ஓகஸ்டில் லிவர்பூல் 440,000 பவுண் கொடுத்து அவரை வாங்கியது. அன்றைய பிரித்தானியாவில் இரண்டு கழகங்களுக்கு இடையில் கைமாறிய மிகப்பெரிய தொகை அதுதான். ரசிகர்களின் செல்லப்பிள்ளையான கெவின் கீகன் ஜேர்மனிக்குப் போய்விட்டார். அவர் விட்டுச் சென்ற 7 ஆம் இலக்கச் சட்டை டல்கிளிஷுக்குக் கிடைத்தது. முதல் பருவத்திலேயே, 1978 ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில், பெல்ஜியத்தின் கிளப் புரூஜ் அணிக்கு எதிராக ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டார். 1981 இலும் 1984 இலும் அதே கிண்ணத்தை மீண்டும் வென்றார்.

1985 மே 29 ஆம் திகதி பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூலும் இத்தாலியின் யுவென்டசும் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் சந்தித்தன. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர் லிவர்பூல் ரசிகர்கள் சிலர் அடுத்த பகுதியில் இருந்தவர்கள் மீது பாய்ந்தனர். ஓடித் தப்ப முயன்றவர்கள் சுவரோடு நெருக்குண்டனர், சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியர்கள். அப்படியிருந்தும் போட்டி நடத்தப்பட்டது. டல்கிளிஷ் அந்தப் போட்டியில் விளையாடினார்.

ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர்களின் குற்றம் மறைக்க முடியாதது. 14 பேர் பின்னர் பெல்ஜிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்து ஆண்டுகளும், லிவர்பூல் ஆறு ஆண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளில் இருந்து விலக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் லிவர்பூல் ரசிகர்களைப் பற்றி ஒரு பொய் பரப்பப்பட்டபோது, பலர் அதை உடனே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெய்சலுக்கு அடுத்த நாள், ஓய்வு பெற்ற ஜோ பேகனுக்குப் பதிலாக டல்கிளிஷ் லிவர்பூலின் முகாமையாளராக அறிவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34. அணியில் விளையாடிக்கொண்டே அணியை நடத்தும் பொறுப்பு அது.

முதல் பருவத்திலேயே லீக் பட்டத்தையும் எப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்றார். லீக் பட்டத்தை உறுதி செய்த செல்சிக்கு எதிரான போட்டியில் ஒரே கோலைப் போட்டவரும் அவரே. 1987 இல் ஜோன் பார்ன்ஸ், பீட்டர் பியர்ட்ஸ்லி, ஜோன் ஓல்ட்ரிட்ஜ், ரே ஹௌட்டன் ஆகியோரைச் சேர்த்து அவர் உருவாக்கிய அணி, லீக் பருவத்தின் முதல் 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

1989 ஏப்ரல் 15

அன்று சனிக்கிழமை. ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் பொரஸ்டுக்கும் எப்.ஏ. கிண்ண அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கப்பட்ட லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நுழைவுக் கதவுகள் போதாமல், வெளியே பெரும் கூட்டம் சேர்ந்தது. மதியம் 2.52 மணிக்கு, போட்டிக்குப் பொறுப்பாக இருந்த பொலிஸ் அதிகாரி டேவிட் டக்கன்பீல்டின் கட்டளையில், மக்கள் வெளியேறுவதற்கான பெரிய கதவு ஒன்று திறக்கப்பட்டது. அந்தப் பதவிக்கு அவர் வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

உள்ளே வந்தவர்களின் கண்ணுக்கு நேரே தெரிந்தது நடுவில் இருந்த சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பியிருந்த இரண்டு கூண்டுகளுக்குப் போனது. கூண்டு என்பது இங்கே உவமை அல்ல. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்காதபடி, நின்று பார்க்கும் பகுதிகள் உயர்ந்த இரும்பு வேலிகளால் அடைக்கப்பட்டிருந்தன. பாதையை மூடி மக்களைப் பக்கத்துப் பகுதிகளுக்கு அனுப்ப எவரும் அங்கு நிறுத்தப்படவில்லை. முன்னால் நின்றவர்கள் வேலியோடு நசுங்கினார்கள்.

3 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஆறு நிமிடங்களில் நிறுத்தப்பட்டது. தப்பியவர்கள் விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, காயமடைந்தவர்களை அவற்றில் கிடத்தித் தூக்கி ஓடினார்கள். டல்கிளிஷின் மகன் போலும் அன்று மைதானத்தில் இருந்தார். மகனைக் கண்ணால் காணும் வரைக்கும் அவரும் மற்றப் பெற்றோரைப் போலத் தேடிக்கொண்டுதான் நின்றார். பிறகு, மக்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்.

அன்று 94 பேர் இறந்தனர். நான்கு நாட்களின் பின் 14 வயதுச் சிறுவன் ஒருவனும், 1993 இல் ஓர் இளைஞரும், 2021 இல் மற்றொருவரும் அந்தக் காயங்களால் இறந்தனர். இறந்தவர்களில் மிக இளையவருக்கு வயது 10, மூத்தவருக்கு 67.

மைதானத்தின் உடற்பயிற்சி மண்டபம் பிணவறையாக மாற்றப்பட்டது. பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள், சுவரில் ஒட்டப்பட்ட புகைப்படங்களைப் பார்த்து அடையாளம் காட்டும்படி கேட்கப்பட்டனர். இறந்தவர்களிடம் இருந்து, சிறுவர்கள் உட்பட, இரத்தம் எடுத்து மதுபானம் அருந்தியிருந்தார்களா என்று சோதித்தார்கள்.

முகாமையாளர் செய்தது என்ன?

மறுநாள் அன்பீல்டின் கதவுகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஒரு வாரத்தில் லட்சக்கணக்கானோர் வந்தனர். கோப் எனப்படும் ரசிகர் பகுதியில் வைக்கப்பட்ட பூக்கள் மைதானத்தின் பாதிவரை பரவின. எதிரிக் கழகமான எவர்ட்டனின் நீலக் கழுத்துத் துணிகளும் லிவர்பூலின் சிவப்புத் துணிகளும் ஒன்றோடொன்று முடியப்பட்டு, இரு மைதானங்களுக்கும் இடையிலுள்ள பூங்காவின் குறுக்கே சங்கிலியாகக் கட்டப்பட்டன.

டல்கிளிஷும் மனைவி மரினாவும் கழகத்தில் இருந்தபடி குடும்பங்களைச் சந்தித்தனர். வீரர்களும் அவர்களின் மனைவிமாரும் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, பேச விரும்பியவர்களின் பேச்சைக் கேட்டனர். ஷெபீல்ட் வைத்தியசாலைகளுக்குச் சென்று காயமடைந்தவர்களைப் பார்த்தனர். ஒவ்வொரு மரணச் சடங்கிலும் கழகத்தின் சார்பில் யாராவது கலந்துகொள்வது என்று முடிவாயிற்று. டல்கிளிஷ் ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குச் சென்றார்.

இதற்கெல்லாம் அவருக்கு எவரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. 38 வயதான ஓர் உதைபந்தாட்டக்காரர் அவர். ஊடகவியலாளர்களிடம் அதிகம் பேசாதவர், சுருக்கமாகவும் சிடுசிடுப்பாகவும் பதில் சொல்பவர் என்று பெயர் எடுத்தவர். அந்த வாரங்களில் அவர் பெரிய உரை எதுவும் ஆற்றவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போனார். நிற்க வேண்டிய இடத்தில் நின்றார்.

இறந்தவர்கள் மீது பழி

ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்று டக்கன்பீல்ட் அன்று மதியமே உதைபந்தாட்டச் சங்க அதிகாரிகளிடம் சொன்னார். அது பொய். ஏப்ரல் 19 ஆம் திகதி 'தி சன்' பத்திரிகை, 'உண்மை' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை முதற்பக்கத் தலைப்பாகப் போட்டது. ரசிகர்கள் இறந்தவர்களின் பணத்தைத் திருடினார்கள், பொலிஸார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று கீழே எழுதியது. பொலிஸ் தரப்பிலிருந்தும் ஓர் அரசியல்வாதியிடமிருந்தும் வந்த கதைகள் அவை.

இறந்தவர்களையே குற்றவாளியாக்கும் இத்தகைய செய்தி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

லிவர்பூலில் அந்தப் பத்திரிகையை மக்கள் வாங்க மறுத்தார்கள். இன்றும் பல கடைகளில் அது விற்பனைக்கு இல்லை. விற்பனை சரிந்தபோது அதன் ஆசிரியர் கெல்வின் மக்கன்சி டல்கிளிஷைத் தொலைபேசியில் அழைத்து, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டார். அதே அளவு பெரிய எழுத்தில் நாங்கள் பொய் சொன்னோம் என்று போடுங்கள் என்பதே டல்கிளிஷ் சொன்ன பதில். அது முடியாது என்றார் ஆசிரியர். அப்படியானால் என்னால் உதவ முடியாது என்று டல்கிளிஷ் பேச்சை முடித்துக்கொண்டார். இந்த உரையாடலை டல்கிளிஷே பின்னர் தன் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

உடைந்த மனிதர்

அணி மீண்டும் விளையாடியது. மே 20 ஆம் திகதி எவர்ட்டனை 3-2 என்று வென்று எப்.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. ஆறு நாட்களின் பின், பருவத்தின் கடைசிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் ஆர்சனல் போட்ட கோலால் லீக் பட்டத்தை இழந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பட்டத்தை மீண்டும் வென்றது. வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டதாகவே தெரிந்தது.

1991 பெப்ரவரி 20 ஆம் திகதி எவர்ட்டனுடன் நடந்த போட்டியில் லிவர்பூல் நான்கு தடவை முன்னிலை பெற்றது. நான்கு தடவையும் அதை இழந்து, ஆட்டம் 4-4 என்று முடிந்தது. இரண்டு நாட்களின் பின் டல்கிளிஷ் பதவி விலகினார். அப்போது அணி லீக்கில் முதலிடத்தில் இருந்தது. மன அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார். பலருக்கு அது புரியவில்லை.

உடலில் தடிப்புகள் வந்ததையும், வீட்டில் பிள்ளைகள் மீது எரிந்து விழுந்ததையும், சாதாரண முடிவுகளைக்கூட எடுக்க முடியாமல் போனதையும் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியில் சொன்னார். மற்றவர்களின் துயரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தபோது தன் துயரத்தை அவர் பார்க்கவில்லை. துயரத்தைச் சுமந்தவர்களுக்கும் உளவளத்துணை தேவை என்ற எண்ணம் அன்றைய உதைபந்தாட்ட உலகில் இருக்கவில்லை. அவருக்குப் பிறகு லிவர்பூல் அடுத்த லீக் பட்டத்தை வெல்ல 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மீண்டும் களத்தில்

1991 ஒக்டோபரில் டல்கிளிஷ் இரண்டாம் பிரிவில் இருந்த பிளக்பர்ன் ரோவர்ஸ் கழகத்துக்குப் போனார். உருக்குத் தொழிலில் பணம் ஈட்டிய ஜக் வோக்கர் அந்தக் கழகத்துக்குச் செல்வத்தை இறைத்தார். அலன் ஷியரர், கிறிஸ் சட்டன் போன்ற வீரர்கள் வந்தனர். 1995 மே 14 ஆம் திகதி, பருவத்தின் கடைசிப் போட்டியில், பிளக்பர்ன் அன்பீல்டில் லிவர்பூலிடம் 2-1 என்று தோற்றது. ஆனால் மன்செஸ்டர் யுனைட்டட் வெற்றி பெறத் தவறியதால் பட்டம் பிளக்பர்னுக்கே கிடைத்தது. 1914 க்குப் பின்னர் அந்தக் கழகம் வென்ற முதல் லீக் பட்டம் அது. தோற்ற முகாமையாளர் பட்டம் வென்றதைக் கண்டு லிவர்பூல் ரசிகர்களும் கைதட்டினார்கள்.

அடுத்து வந்த நியூகாசில் காலம் 1998 இல் பதவி நீக்கத்தில் முடிந்தது. 2000 இல் சிறிது காலம் செல்டிக்கின் பொறுப்பை ஏற்று லீக் கிண்ணத்தை வென்றார். 2011 ஜனவரியில், இருபது ஆண்டுகளின் பின், லிவர்பூல் அவரைத் திரும்ப அழைத்தது. 2012 இல் லீக் கிண்ணம் கிடைத்தது. ஆனால் லீக்கில் அணி எட்டாம் இடத்துக்குப் போனதால் மே மாதம் அவர் நீக்கப்பட்டார்.

இந்தக் காலத்தில் அவர் செய்த பெரிய தவறையும் சொல்ல வேண்டும். மன்செஸ்டர் யுனைட்டட் வீரர் பத்ரிஸ் எவ்ராவை இனவாதச் சொல்லால் தாக்கியதற்காக லூயிஸ் சுவாரஸுக்கு எட்டுப் போட்டித் தடை விதிக்கப்பட்டது. டல்கிளிஷும் கழகமும் பாதிக்கப்பட்டவரின் பக்கத்தைப் பார்க்காமல் சுவாரஸின் பின்னால் நின்றனர். அந்த விவகாரத்தில் ஒரு நேர்காணலில் தான் நடந்துகொண்ட முறைக்காக அவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். தன் ஆட்களோடு நிற்பதே அவருடைய பெரிய குணம். 2011 இல் அதுவே அவருடைய கண்ணையும் மறைத்தது.

27 ஆண்டுகள்

குடும்பங்களின் போராட்டம் இதற்கிடையில் நிற்கவில்லை. பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லர் 1989 ஓகஸ்டிலேயே எழுதினார். ஆயினும் 1991 இல் மரண விசாரணை 'விபத்து மரணம்' என்று தீர்ப்பளித்தது. அன்று 3.15 மணிக்குப் பின்னர் நடந்தவை எதுவும் அந்த விசாரணையில் ஆராயப்படவில்லை. 15 வயது மகனை இழந்த ஆன் வில்லியம்ஸ், தன் பிள்ளை அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தான் என்பதை நிரூபிக்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அலைந்தார்.

2012 செப்டெம்பரில் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான சுயாதீனக் குழு அரசாங்க ஆவணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பொலிஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116 இல் பொலிஸுக்குப் பாதகமான பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் 41 பேர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. பிரதமர் டேவிட் கமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பழைய தீர்ப்புகள் இரத்துச் செய்யப்பட்டன. புதிய விசாரணை தொடங்கும் முன், 2013 இல் ஆன் வில்லியம்ஸ் காலமானார்.

2016 ஏப்ரல் 26 ஆம் திகதி ஜூரிகள் தீர்ப்பை அறிவித்தனர். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள். ரசிகர்கள் மீது எந்தத் தவறும் இல்லை. தான் அன்று கதவு பற்றிச் சொன்னது பயங்கரமான பொய் என்று டக்கன்பீல்ட் அந்த விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

உண்மை கிடைத்தது, தண்டனை கிடைக்கவில்லை. 2019 இல் டக்கன்பீல்ட் குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்டார். வாக்குமூலங்களைத் திருத்தியது தொடர்பான வழக்கு 2021 இல் சரிந்தது. அந்த மரணங்களுக்காக இன்றுவரை ஒருவரும் சிறை செல்லவில்லை. அரச அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையைச் சொல்வதைக் கட்டாயமாக்கும், 'ஹில்ஸ்பரோ சட்டம்' என்று அழைக்கப்படும் சட்டமூலம் 2025 செப்டெம்பரில்தான் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு வந்தது.

ஒரு பெயர் நிலைப்பது எதனால்?

2016 இல் லிவர்பூல் நகரம், இறந்தவர்களுக்கும் அவர்களுக்காக உழைத்த சிலருக்கும் தன் உயரிய கௌரவத்தை வழங்கியபோது கென்னி டல்கிளிஷையும் மரினாவையும் சேர்த்துக்கொண்டது. 2018 இல் பிரித்தானிய அரசு அவருக்கு 'சேர்' பட்டம் கொடுத்தது.

உண்மையைத் தோண்டி எடுத்தவர் டல்கிளிஷ் அல்ல. அது தாய்மாரும் தந்தைமாரும் உடன்பிறப்புகளும் தப்பியவர்களும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்துச் செய்த வேலை. அவர்களில் பலர் தீர்ப்பைக் கேட்கும் முன்பே இறந்துபோனார்கள். டல்கிளிஷ் செய்தது அதைவிடச் சிறியது. பெரிய பதவியில் இருந்த ஒருவர், ஊரே சந்தேகத்தோடு பார்த்த குடும்பங்களின் வீட்டுக்குப் போனார். பொய் சொன்னவர்கள் வழி கேட்டு வந்தபோது அவர்களுக்கு வழிவிடவில்லை. முதல் வாரத்தில் தங்களோடு நின்றவரை அந்தக் குடும்பங்கள் முப்பது ஆண்டுகள் கழித்தும் மறக்கவில்லை.